முச்சந்தியில் நான் இல்லாத ஐந்து நிமிடம்

இது நடந்தது 2003-ஆம் ஆண்டு அக்டோபரில். பெங்களூரில் நான் வேலை பார்த்த மென்பொருள் கம்பெனி, ஆறு மாத வேலையாக என்னை ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தது. அல்சூரில் பிறந்து, அல்சூரிலேயே நான்கு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்ட எனக்கு அதுதான் முதல் வெளிநாடு. மகனை என் அம்மா பார்த்துக்கொண்டார். கணவர் பி.யூ. கல்லூரி ஒன்றில், அதாவது ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாணவர்களுக்கு, விரிவுரையாளர். தசரா லீவு விட்டதும், மகனுக்கு ஆயிரம் சமாதானம் சொல்லிவிட்டு, இரண்டு வாரத்துக்கு என்னைப் பார்க்க வந்தார்.

வருகிறவரை எங்கே கூட்டிப் போகலாம் என்று ஆபீசில் விசாரித்தேன். ஒருவர் சைக்கிள் சுற்றுலா பற்றிச் சொன்னார். நான்கு நாள். வழிகாட்டி கூடவே வருவார். திராட்சைத் தோட்டங்களும் காடுகளுமாக ஊர் ஊராகப் போகலாம். பெட்டி படுக்கை எல்லாம் வேனில் முன்னாலேயே போய்விடும். எனக்குக் கேட்டவுடன் பிடித்துவிட்டது. போனில் கணவரிடம் சொன்னபோது, "சைக்கிள் மிதிக்கவா ஃப்ளைட் ஏறி வரேன்? அதை இங்க ஹோசூர் ரோட்டுலயே மிதிக்கலாமே" என்றார். ஆனாலும் வந்தார். நான் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் அவர் மறுத்துப் பழக்கமில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்குப் பொறுமை என்பது அறவே கிடையாது. லிஃப்ட் வரும்வரை நிற்க முடியாமல் ஐந்து மாடி ஏறிப் போகிற ரகம். அவர் நேர்மாறு. ஒரு தோசையை அரை மணி நேரம் சாப்பிடுவார். போதாததற்கு, பெங்களூர்க் குளிரில் பலருக்கும் இருக்கிற வீசிங் அவருக்கும் உண்டு. அவர் கையில் கொடுத்தால் எதுவும் தங்காது என்பது என் அசைக்க முடியாத அபிப்பிராயம். அதனால் வீட்டுச் சாவி, பாஸ்போர்ட், அவருடைய இன்ஹேலர் உட்பட எல்லாமே எப்போதும் என் பையில்தான் இருக்கும்.

குழுவில் நாங்கள் பத்துப் பேர். வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க நெட்டையான மனிதர், அதிகம் பேசமாட்டார். முதல் நாளே ஒரு விதியை மட்டும் இரண்டு முறை சொன்னார். வழி பிரிகிற இடத்தில் தனக்குப் பின்னால் வருகிறவரை நிறுத்திவிட்டுத் தான் போய்விடுவார். நிற்கிறவர் மற்றவர்களுக்குத் திரும்ப வேண்டிய பக்கத்தைக் கை காட்ட வேண்டும். கடைசி ஆள் மஞ்சள் சட்டை போட்டிருப்பார். அவர் கடந்து போன பிறகுதான் நிற்கிறவர் கிளம்பலாம். பிரியும் இடத்தில் யாரும் நிற்கவில்லை என்றால், நேராகப் போக வேண்டும். அவ்வளவுதான். சின்னக் குழந்தைக்கும் புரியும்.

"எப்படியும் கடைசியிலதான் வரப் போறேன், அந்தச் சட்டையை என்கிட்டயே கொடுத்துடச் சொல்லு" என்றார் என் கணவர். மஞ்சள் சட்டை அவருக்கே வந்தது. முதல் இரண்டு நாளும் நானும் அவர் பக்கத்திலேயே ஓட்டினேன். சாலையின் இரண்டு பக்கமும் சரிவு சரிவாகத் திராட்சைக் கொடிகள். இலைகள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறத் தொடங்கியிருந்தன. அறுவடைக் காலம் என்பதால் காற்றிலேயே பழ வாசனை. ஆனால் இவரோ கொடி கொடியாக இறங்கிப் போட்டோ எடுத்தார். நத்தையைக்கூட விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

தண்ணீர் குடிக்க நிறுத்திய இடத்தில் அவரிடம் சொன்னேன்: "நான் முன்னாடி போறேன். அடுத்த திருப்பத்துல நான்தான் நிப்பேன். என்னை ஒரு மணி நேரம் காய வெச்சீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு." அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அந்தத் திருப்பம் ஒரு சிறிய ஊரின் எல்லையில் வந்தது. இடது பக்கம் சாலை சரிந்து, திராட்சைத் தோட்டங்கள் வழியாக மதியச் சாப்பாட்டு ஊருக்குப் போகிறது. நேராகப் போனால் காடு, மேடு. வழிகாட்டி என்னை அங்கே நிறுத்திவிட்டு இடது பக்கம் இறங்கிப் போனார். ஒவ்வொருவராக வந்தார்கள். நான் கம்பீரமாக இடது பக்கம் கை காட்டினேன், டிராஃபிக் போலீஸ் மாதிரி. எட்டுப் பேரும் போய்விட்டார்கள். மஞ்சள் சட்டையைக் காணோம்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். எனக்கு அது ஒரு யுகம். "எங்க போய்த் தொலைஞ்சாரு இந்த மனுஷன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

"நீங்கள் தமிழோ?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது என்றால் நம்புவீர்களா? யாழ்ப்பாணத்துப் பக்கத்துப் பெண்ணாம். அந்த ஊருக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறதாம். திராட்சை அறுவடைக்குப் போகிறார், மற்ற மாதங்களில் பாட்டிலில் அடைக்கும் இடத்தில் வேலை. பெங்களூரில் தமிழ் பேசுவதற்கு ஆளுக்கா பஞ்சம்? ஆனால் அங்கே, அந்த வேலியோரத்தில், என் மொழியை இன்னொருவர் வாயில் கேட்டபோது கால் தரையில் நிற்கவில்லை.

"வாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். நான் நகரக் கூடாது என்று சொன்னேன். அவர் தன் சமையலறை ஜன்னலைக் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் முச்சந்தி முழுக்கத் தெரியும் என்றார். போய்ப் பார்த்தேன், தெரிந்தது. சரி, இதில் என்ன தப்பு என்று நானே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சைக்கிளை வேலியோரம் சாத்தியபோது, அது சாலையிலிருந்து தெரியுமா என்றுகூட யோசிக்கவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பேச்சுவாக்கில், வீட்டுக்குள்ளேயே தொட்டியில் கறிவேப்பிலைச் செடி வளர்ப்பதாகச் சொன்னார். குளிருக்குச் செத்துவிடாமல் வெயில் விழுகிற பின் அறையில் வைத்திருக்கிறாராம். நான் மூன்று மாதமாகக் கறிவேப்பிலையைக் கண்ணால் பார்க்கவில்லை. "காட்டுங்களேன்" என்று அவர் பின்னாலேயே போய்விட்டேன். இடுப்பு உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றது. ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்தேன். எங்கள் வீட்டு ரசம், அம்மா, மகன், எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. அவர் கத்தரிக்கோல் எடுத்துவந்து நான்கைந்து கொத்து நறுக்கி, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட இருக்காது.

திரும்ப ஜன்னலுக்கு வந்தேன். முச்சந்தி காலியாக இருந்தது. இன்னும் வரவில்லை போல என்று நினைத்து, நிம்மதியாக டீ குடித்தேன். அவர் வேகம்தான் எனக்குத் தெரியுமே!

பதினைந்து நிமிடம் போனது. இருபதும் போனது. அப்போது இடது பக்கச் சாலையில் வழிகாட்டி மேடேறி வருவது தெரிந்தது. கையில் டீ கோப்பையோடு நான் வெளியே ஓடினேன். மஞ்சள் சட்டை எங்கே என்று கேட்டார். "இன்னும் வரவில்லை. நான் இங்கேயேதான் இருக்கிறேன்" என்றேன். அவர் என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு நேராகக் காட்டுக்குள் போகிற பாதையைப் பார்த்தார். மண் பாதையில் புதிதாக ஒரு சைக்கிள் தடம் இருந்தது.

சைக்கிளில் தொங்கிய என் பையைத் திறந்தேன். பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் இன்ஹேலர் பத்திரமாக இருந்தது. அவரிடம் இருந்தால் தொலைத்துவிடுவார் என்று நான் பிடுங்கி வைத்திருந்த அதே இன்ஹேலர். கணவரிடம் போனும் இல்லை. குளிர், மேடு, தனி ஆள். வழிகாட்டியிடம் உண்மையைச் சொன்னேன். ஐந்து நிமிடம் நான் இங்கே இல்லை, அவருக்கு மூச்சுத் தொந்தரவு உண்டு, மருந்து என்னிடம் இருக்கிறது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மேலே பாதை இரண்டாகப் பிரிகிறது, ஒன்றில் நான் போகிறேன் என்று சொல்லிவிட்டு மிதிக்கத் தொடங்கினார்.

அந்தப் பெண் அதற்குள் கார் சாவியோடு வந்துவிட்டார். காட்டுப் பாதையில் வெளி வண்டிகள் போகக் கூடாது என்று முகப்பில் பலகை இருந்தது. "பிடிச்சாப் பிடிக்கட்டும். நான்தானே உங்களைக் கூப்பிட்டனான். ஏறுங்கோ" என்றார். பாதை பிரிந்த இடத்தில் வழிகாட்டி போகாத பக்கம் திரும்பி, கார் குலுங்கிக் குலுங்கி ஏறியது. வழி நெடுகச் சருகு குவிந்து கிடந்தது. நான் அல்சூர் அம்மனிலிருந்து தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். "பயப்பிடாதேங்கோ, இதில அவ்வளவு தூரம் போயிருக்க ஏலாது" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

இரண்டு கிலோமீட்டர் இருக்கும். வெட்டி அடுக்கியிருந்த மரக்கட்டைகளுக்கு முன்னால் மஞ்சள் நிறம் தெரிந்தது. சைக்கிள் கீழே கிடந்தது. அவர் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு இழுக்கிற விசில் சத்தம் காரிலிருந்து இறங்கும்போதே கேட்டது. உதடு வெளுத்திருந்தது. இன்ஹேலரைக் கையில் கொடுத்தேன். உறிஞ்சினார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் உறிஞ்சினார். நாங்கள் இரண்டு பேரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம். காட்டில் அந்த விசில் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. மெல்ல மெல்ல அது தணிந்தது. தோள்கள் இறங்கின. அந்தப் பெண் பிளாஸ்கில் கொண்டுவந்திருந்த டீயை ஊற்றிக் கொடுத்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் என் குணம் போகவில்லை பாருங்கள். பயம் தெளிந்ததும் முதலில் வந்தது கோபம்தான். "பாதை இப்படிக் குறுகிக்கிட்டே போகுதே, உங்களுக்கே தெரியாதா? திரும்பி வர்றதுதானே?" என்று அவரிடமே பாய்ந்தேன்.

"திரும்பலாம்னு ரெண்டு தடவை நின்னேன்" என்றார் அவர், மூச்சு வாங்கி வாங்கி. "ஆனா அந்தத் திருப்பத்துல நீதானே நிக்கிறேன்னு சொன்னே. ஆள் இல்லன்னா நேராப் போகணும்னுதானே அர்த்தம்? வேற யாராவதா இருந்தா சந்தேகப்பட்டிருப்பேன். உன்னைக் காக்க வைக்கக் கூடாதுன்னு வேகமா வேற மிதிச்சேனா, போட்டோகூட எடுக்கல, அதான் மூச்சு வாங்கிடுச்சு."

நான் அங்கேயே சருகின் மேல் உட்கார்ந்து அழுதேன். எனக்காக அவசரப்பட்டு வந்ததால்தான் நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்திருக்கிறார். நான் கறிவேப்பிலையை மோந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிடத்தில் என் ஜன்னலைக் கடந்து போயிருக்கிறார். நடந்ததை எல்லாம் சொன்னேன். "பேஜார் பண்ணிக்காதே விடு. கறிவேப்பிலை இருக்குல்ல? இன்னிக்கு இல்லன்னாலும் வீட்டுக்குப் போய் ரசம் வை" என்றார்.

அந்தப் பெண் எங்களைச் சாப்பாட்டு ஊர்வரை காரில் கொண்டுவந்து விட்டார். வழிகாட்டிக்குப் போனில் தகவல் சொன்னோம். சைக்கிளை வேன் வந்து எடுத்துக்கொண்டது. அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு பார்க்க வாய்க்கவில்லை.

மறுநாள்தான் கடைசி நாள். கணவர் நன்றாகத் தேறியிருந்தார். இன்ஹேலர் அவர் சட்டைப் பையில் இருந்தது. மஞ்சள் சட்டையை வேறு யாருக்காவது கொடுக்கலாமா என்று வழிகாட்டி கேட்டதற்கு, முடியாது என்றார். கிளம்பும்போது, வேண்டிய மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு நிதானமாக வாருங்கள் என்று நான் சொன்னேன். எல்லாரும் என்னை இரக்கமாகப் பார்ப்பது போல் தோன்றியதால் நடுவில் ஒளிந்துகொண்டு ஓட்டினேன். முதல் திருப்பத்தில் வழிகாட்டி நின்றார். தன் பின்னால் வந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டு, எனக்காகக் காத்திருந்தார். நான் வந்ததும், தரையில் ஓரிடத்தைக் கையால் காட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்.

தூறல் விழுந்தது. முப்பத்தைந்து நிமிடம் நின்றேன். எதிர்ப்பக்கம் ஒரு மரத்தடி இருந்தும் அங்கே ஒதுங்கவில்லை. கடைசியில் வளைவில் மஞ்சள் சட்டை தெரிந்தது, கழுத்தில் கேமரா ஆட, தோசை சாப்பிடுகிற அதே வேகத்தில்.

"நிக்கிறியா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார்.

"நிக்கிறேன்" என்று கத்தினேன்.

பெங்களூர் திரும்பி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. லிஃப்டுக்கு இன்னமும் நான் காத்திருப்பதில்லை. அந்த அளவுக்கெல்லாம் திருந்திவிடவில்லை. ஆனால் மகனிடம் ஸ்கூல் கேட்டில் நிற்கிறேன் என்றோ, அவரிடம் அல்சூர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன் என்றோ சொல்லிவிட்டால், மழையே வந்தாலும் அந்த இடத்தைவிட்டு அசையமாட்டேன். நேராகப் போங்கள் என்று நான் வாய் திறந்து சொல்லவில்லைதான். நான் அங்கே இல்லாததையே என் சொல்லாக நம்பி ஒருவர் மூச்சிரைக்க அந்தக் காட்டு மேட்டில் ஏறினாரே, அந்த நம்பிக்கைக்கு நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.