ஒரு குறையும் இல்லைங்க, டாக்டர்

கம்பத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். திராட்சைக்காரர்கள் நோய் கண்ட கொடியிலிருந்து இலையைப் பறித்துவந்து என் மேஜையில் போட்டு மருந்து கேட்பார்கள். சிலர் இருப்பதிலேயே நல்ல இலையாகப் பார்த்துக் கொண்டுவருவார்கள். அவர்கள் தோட்டத்தை நான் மட்டமாக நினைத்துவிடக் கூடாதாம். "சீக்கு இலையக் காட்டாம மருந்து கேட்டா, நான் என்ன சோசியக்காரனா?" என்று அவர்களை வாங்கு வாங்கென்று வாங்குவேன். இப்படிப் பேசிய வாய்தான் மதுரையில் டாக்டர் முன்னால் பொய் சொன்னது.

எனக்கு மலக்குடலில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷனுக்கு முன்பு டாக்டர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். மலக்குடலை ஒட்டி நூல் போல நரம்புகள் ஓடுகின்றன. சிறுநீர் போவதும் தாம்பத்தியமும் அவற்றின் பொறுப்பு. கட்டியை மிச்சமில்லாமல் எடுக்கவேண்டும், அந்த நரம்புகளையும் காப்பாற்றவேண்டும். காப்பாற்றினாலும் கொஞ்ச காலம் அவை அசந்து கிடக்கலாம் என்றார். "நம்ம திராட்சைக் கொடியக் கவாத்து வெட்டுற மாதிரிதான் டாக்டர், துளிர் விடுற கண்ணு போகாம வெட்டணும்" என்று அவருக்கே நான் பாடம் எடுத்தேன். பயந்தால் எனக்கு வாய் நீளும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிறுநீர்க் குழாயை எடுத்த அன்று, தானாகப் போகிறேனா என்று குடும்பமே காத்திருந்தது. மனைவியின் தம்பி போனும் கையுமாகக் கழிப்பறை வாசலில் நின்றான். "மச்சான் ஒண்ணுக்குப் போயிட்டாக!" என்று அவன் ஊருக்குச் செய்தி சொல்ல, கடையிலிருந்தெல்லாம் வாழ்த்து வந்தது. தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி வார்டுக்குள் நடந்தேன்.

அதே நரம்புகளின் இன்னொரு வேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது நடக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் நடக்கவில்லை. குடல் சுருங்கிப்போனதால் நாளைக்கு ஏழெட்டுத் தடவை வெளிக்கு ஓடவேண்டியிருந்தது. அதைச் சாக்காக வைத்துத் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹால் சோபாவுக்குக் குடிபோனேன். "உன் தூக்கம் கெட வேணாம்" என்றேன் மனைவியிடம். என்ன ஒரு பெருந்தன்மை!

மறுபரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் அதையும் கேட்டார். பக்கத்திலேயே மச்சினன். அவன் அக்காவோடு நான் எப்படி இருக்கிறேன் என்பதை அவனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? "ஒரு குறையும் இல்லைங்க, டாக்டர்" என்றேன். அவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். இரண்டு தடவை இப்படியே ஓட்டிவிட்டேன்.

மூன்றாவது தடவை, கூப்பிடாமலே மனைவியும் எங்கள் இருவரோடு காரில் ஏறி உட்கார்ந்தாள். டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள். "அய்யா, இவுக எதையோ மறைக்கிறாக. முகங்குடுத்துப் பேசமாட்டேங்குறாக, தனியாப் படுக்குறாக. சீக்கு திரும்ப வந்துருச்சா? எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லிருங்க."

டாக்டர் ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். "எல்லாம் சுத்தமா இருக்கேம்மா." பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சொல்லிவிட்டேன். மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மச்சினன் சுவர்க் காலண்டரை ஒன்றாம் தேதியிலிருந்து படித்தான். அப்புறம் காரைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்து வெளியே போய்விட்டான்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் என் மனைவி. சிரித்தாள், உடனே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் மாதக்கணக்கில் மலைபோலச் சுமந்த ரகசியம் அவளுக்கு அம்புட்டுத்தான். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் வருத்தம்கூட வந்தது. ஒரு மரியாதைக்காவது கவலைப்பட்டிருக்கலாம்.

"நரம்பு அறுபடலை, அடிபட்டு அசந்திருக்கு. தெளிய ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகலாம். முழுசா வரும்னு சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா முதல் தடவையே சொல்லியிருந்தா அப்பவே மாத்திரை ஆரம்பிச்சிருப்பேன்" என்றார் டாக்டர். என் கடையில் நல்ல இலையோடு நின்ற அத்தனை பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சிரித்தார்கள்.

திரும்பும்போது பழனிசெட்டிபட்டி தாண்டியதும் அவள் என் பக்கம் சாய்ந்தாள். கார் ஓட்டும் தம்பிக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

"தெனமும் காலையில உங்க பெல்ட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு ஓட்டை தள்ளிப் போடுறீகளான்னு."

சீக்கு திரும்பி நான் மெலிகிறேனா என்று பார்த்திருக்கிறாள். நான் பாட்டுக்குப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், அடுத்தவர் தோட்டத்து இலைகளைப் பார்க்கக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. இத்தனை மாதத்தில் வெட்கப்பட வேண்டிய விஷயத்துக்கு வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தலையணையை எடுக்க நேராகச் சோபாவுக்குப் போனேன். அங்கே அது இல்லை. உள்ளே, கட்டிலில், பழைய இடத்தில் கிடந்தது. காலையில் மதுரைக்குக் கிளம்பும் முன்பே எடுத்துப் போட்டுவிட்டாளாம்.