புகை இல்லையென்றால் கத்தும் பெட்டி

கவுஞ்சியில் இறங்கி சேனாதிபதி வீட்டுக்கு வழி கேட்டால், "துணிக்கொடி ஓடுற வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிப்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் கொடி நிஜமாகவே ஓடும்.

காற்றில் ஈரம் ஏறினால் அதற்கென்று இருக்கும் சென்சார் கண்டுபிடித்துவிடும். உடனே ஒரு மோட்டார் கயிற்றை இழுக்கும். காயப்போட்ட துணி மொத்தமும் வரிசையாக வராந்தாவுக்குள் வந்து நிற்கும். ஈரம் குறைந்தால் மறுபடி வெளியே போகும். இதைக் கீழே அய்யம்பாளையத்தில் செய்திருந்தால் மாலை போட்டிருப்பார்கள். மனுஷன் செய்ததோ கொடைக்கானலுக்கும் மேலே, ஒரு நாளைக்கு நாற்பது தடவை மேகம் தரையில் இறங்கி ஏறுகிற ஊரில். சேலையும் வேட்டியும் காலையிலிருந்து சாயங்காலம் வரை உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தனவே தவிர, ஒரு துண்டுகூடக் காய்ந்தபாடில்லை.

சேனாதிபதிக்கு ஐம்பத்திரண்டு வயது. சோலி என்று பார்த்தால் வெள்ளைப்பூண்டு விவசாயம். ஆனால் இளவயதில் திண்டுக்கல்லில் ஐ.டி.ஐ. படித்து, பெரும்பாறையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆறு வருஷம் ஒயர்மேனாக இருந்தவர். அப்பா இறந்ததும் நிலத்தைப் பார்க்க ஊருக்கு வந்துவிட்டார். நிலம் கைக்கு வந்ததே தவிர, கையில் இருந்த அரிப்பு போகவில்லை. செல்போனில் வீடியோ பார்க்க முடிகிற காலம் வந்ததும் அந்த அரிப்பு சொறியாகிவிட்டது.

கூரியர்காரர்கள் கொடைக்கானலைத் தாண்டி மேலே வரமாட்டார்கள். ஆகவே சேனாதிபதிக்கு வரும் சாமான் எல்லாம் பஸ்ஸில்தான் ஏறும். ரிலே, சென்சார், சால்டரிங் அயர்ன், குளூ கன், விரல்நகம் அளவு போர்டுகள் எல்லாம் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பயணம் செய்து வரும். கண்டக்டர் படிக்கட்டில் நின்று, "யோவ் சேனாதிபதி, ஒன்னோட பூச்சி மருந்து வந்திருக்கு!" என்று கத்துவார். எது எலெக்ட்ரானிக்ஸ், எது பூச்சி மருந்து என்று அவருக்கு அக்கறையில்லை.

வாசலில் யாராவது வந்து நின்றால், "வாங்க, வாங்க, உக்காருங்க, காப்பி போடுறேன்" என்று மனைவி அன்னக்கொடியின் குரலில் பேசுகிற ஒரு பெட்டியை வைத்தார். விருந்தாளிகள் யாரும் அவ்வளவாக வரவில்லை. ஒரு காட்டுமாடு வந்தது. ஆறடி உயரம், சுமார் ஒரு டன் இருக்கும். பெட்டி அதை மரியாதையாக உட்காரச் சொன்னது. அன்றிலிருந்து மாடு தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து, உபசாரத்தைக் கேட்டுவிட்டு, கேரட் பாத்தியில் மேய்ந்துவிட்டுப் போக ஆரம்பித்தது.

"நான் கூப்பிட்ட மாதிரியில்ல வந்து நிக்குது!" என்று அன்னக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆளு வந்தா கண்டுபிடிக்குதா இல்லையா? அதச் சொல்லு," என்றார் சேனாதிபதி. அவருக்கு எப்போதும் அதுதான் கணக்கு.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் அன்னக்கொடி வாயால் நல்ல பெயர் கிடைத்தது. அது பூண்டுப் பரணில் இருந்த பெட்டி.

மேல்மலையில் விதைப்பூண்டைக் கட்டுக்கட்டாக விறகடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்கள். அடுப்புப் புகை மாதக்கணக்கில் அதன்மேல் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். புகை நின்றால் ஈரம் ஏறும், பூண்டு முளைத்துவிடும், அழுகிவிடும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் இருவரும் காட்டுவேலைக்குப் போய், அடுப்பு அணைந்து கிடந்ததை யாரும் கவனிக்காமல், பரணில் இருந்த விதையில் பாதி போய்விட்டது. அன்னக்கொடி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சேனாதிபதி ஒரு புகை அலாரம் செய்து பரணில் மாட்டினார்.

உலகத்தில் எல்லாப் புகை அலாரமும் புகை வந்தால் கத்தும். சேனாதிபதியின் அலாரம் புகை நின்றால் கத்தும். அடுப்பு அணைந்த பத்தாவது நிமிஷம் பரணில் புகை கலைந்துவிடும்; உடனே அது போடுகிற கூப்பாடு அடுத்த தெருவுக்குக் கேட்கும். யாராவது ஓடிவந்து இரண்டு விறகைச் செருகினால்தான் வாயை மூடும். சத்தம் பொறுக்காமல் அன்னக்கொடி ஒருமுறை ஒயரைப் பிடுங்கிவிட்டாள் என்று, உள்ளேயே பேட்டரி வைத்து, மூடியைப் பசையால் அடைத்து, மூடியைத் தொட்டால் இன்னும் பலமாகக் கத்தும்படி மாற்றிவிட்டார். அதன்பிறகு ஒரு விதைப்பூண்டுகூடக் கெடவில்லை. "இவரு பண்ணினதுல இது ஒண்ணுதான் உருப்படி," என்று அன்னக்கொடி தன் அண்ணன் வீடு வரைக்கும் சொல்லியிருந்தாள். சேனாதிபதி அதை எட்டு வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்தார்.

போன வருஷம் அன்னக்கொடி, பூண்டில் வந்ததைச் சேர்த்து, வீட்டுக்குப் பக்கத்தில் மூன்று அறை கட்டினாள். டூரிஸ்ட் வந்து தங்குகிற ஹோம்ஸ்டே. இடம் பார்த்தது, கொத்தனாரோடு மல்லுக்கு நின்றது, ஜன்னலுக்குத் திரை தைத்தது எல்லாம் அவள்தான். அனுமதிப் பேப்பர் ஒன்றுதான் பாக்கி. சீசனுக்கு முன்னால் அது கைக்கு வராவிட்டால் அடுத்த வருஷம்வரை மூன்று அறையும் பூட்டியே கிடக்கும். அறைக்கு ஒரு புகை அலாரம் கட்டாயம் வேண்டும் என்று விதி.

"கொடைக்கானல் கடையிலயே விக்குதாம். மூணு வாங்கி மாட்டிரலாமா?" என்று அன்னக்கொடி கேட்டாள்.

சேனாதிபதியின் முகம் சுண்டிப்போயிற்று. "கடையிலயா? இந்த ஊர்லயே புகை அலாரம் வச்சிருக்கிற ஒரே வீடு எது? நம்ம வீடு. அதைச் செஞ்சது யாரு? நீயே சொல்லு."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, நீங்களே செய்ங்க," என்றாள்.

செய்தார். இரண்டு வாரம் ராப்பகலாக உட்கார்ந்து செய்தார். குளிரில் விரல் விறைத்துப்போகிறது என்று விறகடுப்பு ஓரத்திலேயே உட்கார்ந்து செய்தார். பரண் பெட்டியில் இருந்த அதே புரோகிராமை மூன்று போர்டிலும் ஏற்றினார். எட்டு வருஷம் பிசகாமல் ஓடுகிற புரோகிராம் அல்லவா! அடுப்புப் புகையில் மூன்று பெட்டியும் வாயைத் திறக்காமல் கிடந்தன. பெட்டி சும்மா இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் அந்த வீட்டில் அர்த்தம். சேனாதிபதி திருப்தியோடு கரண்டைப் பிடுங்கி, பேட்டரியை உள்ளே வைத்து, மூடியைப் பசையால் அடைத்தார்.

புதன்கிழமை மரம் விழுந்து ஊரில் கரண்ட் போயிற்று. வியாழக்கிழமை பெட்டிகளை அறைக்கு ஒன்றாகக் கூரையில் மாட்டினார். வெள்ளிக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில், அனுமதிக்காக அறைகளைப் பார்வையிட ஆபீசர் அம்மா வருவதாக இருந்தது. அவரை அழைத்துவர அன்னக்கொடி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வெள்ளனே கொடைக்கானலுக்குக் கிளம்பிவிட்டாள். மணி பத்தேகால் ஆனபோது கரண்ட் வந்தது.

மூன்று அறையும் ஒரே நேரத்தில் அலற ஆரம்பித்தன.

சேனாதிபதி முதலில் சந்தோஷப்பட்டார். ஆகா, மூன்றும் வேலை செய்கின்றன என்று நினைத்தார். பிறகு அறைக்குள் போய் நின்றார். புதுச் சுண்ணாம்பு வாசனை, சுத்தமான காற்று, மடிப்புக் கலையாத படுக்கை. புகை இல்லை. புகை இல்லாததால்தான் கத்துகின்றன. டூரிஸ்ட் தூங்க வேண்டிய அறையில் புகை எதற்கு இருக்கப்போகிறது? அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது.

மெயினை அணைத்தார். கரண்ட் ஒருமுறை தொட்டுவிட்டால் போதும், பிறகு பேட்டரியே பார்த்துக்கொள்ளும்படி செய்திருந்தார் புண்ணியவான். மூடியைத் தொட்டார். இன்னும் பலமாகக் கத்தியது. புரோகிராமை மாற்றலாம் என்றால் லேப்டாப்பில் சார்ஜ் இல்லை, அதன் சார்ஜர் ஒயரை எலி கடித்து வைத்திருந்தது. கடப்பாரையால் உடைத்துப்போடலாம். உடைத்தால் அலாரம் இல்லாத அறை, அனுமதி கிடையாது. பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது. ஊர் நாய் எல்லாம் வேலிக்கு வெளியே கூடி ஊளையிட்டுக்கொண்டிருந்தன.

அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அந்தப் பெட்டி எதற்கு அடங்கும் என்று எட்டு வருஷமாகத் தெரியும். அடுப்பிலிருந்து கங்கு வாரினார். வீட்டில் இருந்த ஒரே தூபக்காலில் கொஞ்சம், பழைய இரும்புச்சட்டியில் கொஞ்சம், தோசைக்கல்லில் கொஞ்சம். பூஜை அலமாரியில் இருந்த சாம்பிராணிப் பொட்டலத்தை முழுசாகப் பிரித்து மூன்றிலும் கொட்டினார். ஜன்னலை இறுக்கிச் சாத்தினார். ஐந்தாவது நிமிஷம் மூன்று அறையும் அமைதியாகிவிட்டன. நாய்களும் கலைந்து போயின.

அன்னக்கொடி ஆபீசரோடு வந்தபோது வாசலிலேயே சாம்பிராணி மணத்தது. கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன் வெள்ளிக்கிழமையும் அதுவுமாகத் தூபம் போட்டிருக்கிறாரே என்று அவள் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா மேடம், எங்க வீட்டுக்காரரு," என்றாள்.

ஆபீசரின் பெயர் மகாதேவி. அதிகம் பேசாத, எதையும் விடாத கண் உள்ளவர். முதல் அறைக் கதவைத் திறந்தார். படுக்கை தெரியவில்லை, ஜன்னல் தெரியவில்லை. மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு இருமினார். இருமிக்கொண்டே தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிய, பெட்டி நிம்மதியாக இருந்தது.

"சார், இவ்வளவு புகை இருக்கு. அலாரம் ஏன் அடிக்கல?"

மகாதேவி பதிலுக்குக் காத்திராமல் ஜன்னலைத் திறந்துவிட்டார். மேல்மலைக் காற்று உள்ளே வந்து புகையை அள்ளிக்கொண்டு போயிற்று. அறை பளிச்சென்று ஆனது. பெட்டி அலறத் தொடங்கியது.

"இப்ப ஏன் அடிக்குது?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. சேனாதிபதி பூண்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார், சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னார். மகாதேவி காதைப் பொத்திக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"அப்ப, ரூம்ல தீப்பிடிச்சா இது சந்தோஷமா இருக்கும்?"

"ஆமாங்க மேடம்," என்றார் சேனாதிபதி. வேறென்ன சொல்ல?

மகாதேவி மற்ற இரண்டு அறையின் ஜன்னலையும் திறந்து பார்த்து, அங்கும் பெட்டி அலறியதும் ஃபைலை மூடினார். அன்னக்கொடி சுவரோடு சாய்ந்து நின்றாள். பட்டுச்சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள். சேனாதிபதிக்கு அந்தக் கையைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம். தப்பு பூராம் என்னுது. இந்த ரூமுல ஒரு செங்கல்கூட நான் எடுத்து வைக்கல, எல்லாம் இவ கட்டினது. நான் செஞ்சது அந்தப் பெட்டி மட்டுந்தான். எனக்கு வேணா எதாச்சும் தண்டனை குடுங்க. இவ பேப்பரை நிறுத்திராதீங்க."

மகாதேவி பெருமூச்சு விட்டார். "தண்டனை குடுக்க நான் என்ன போலீசா? ரூம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒழுங்கான அலாரம் இல்லாம கையெழுத்துப் போட முடியாதுங்க. இனி இந்தப் பக்கம் சீசன் முடிஞ்சுதான் வருவேன்."

அன்னக்கொடி விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். அழப் போகிறாள் என்றுதான் சேனாதிபதி நினைத்தார். திரும்பி வந்தபோது அவள் கையில் மூன்று வெள்ளை டப்பா இருந்தது. கடையில் விற்கிற புகை அலாரம், ஒட்டின டேப்கூடப் பிரிக்காமல் இருந்தது. "ஸ்டூலை எடுத்துட்டு வெரசா வாங்க," என்றாள்.

சேனாதிபதிதான் ஏறினார். கத்துகிற பெட்டிகளைக் கழற்றிக் கிணற்று வாளித் தண்ணீரில் போட்டார். கடைசியாக ஒரு கொர்ரென்ற சத்தம் போட்டு மூன்றும் அடங்கின. அந்த இடத்தில் கடை அலாரங்களை முடுக்கினார். அவசரத்தில் திருப்புளி இரண்டு தடவை கீழே விழுந்தது. மகாதேவி தோசைக்கல்லைத் தூக்கிப் பிடித்துச் சாம்பிராணிப் புகையைக் காட்டினார். மூன்று அறையிலும் அலாரம் அடித்தது. புகை கலைந்ததும் நின்றது. அவர் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

ஆபீசரை பஸ் ஏற்றிவிட்டு வந்தபிறகு, சேனாதிபதி காலி டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒன்றின் அடியில் பில் ஒட்டிக்கொண்டிருந்தது. தேதியைப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. "கடையிலயா?" என்று அவர் முகம் சுண்டிப்போன அதே நாள். அன்று மத்தியானம் அவள் கொடைக்கானல் சந்தைக்குப் போயிருந்தாள்.

பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். அன்னக்கொடி குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னிக்கே என்னைய நம்பலையா நீ?"

அவள் நிமிரவில்லை. இன்னொரு விறகைச் செருகினாள்.

"நம்பாமலா மூணு வாரமா அதப் பிரிக்காம வச்சிருந்தேன்?"