கார்டு வீசிய தலையணை

விழுப்புரத்தில் மெயிலின் கடைசிப் பெட்டியில், ரயில் கார்டோடு ஏறினேன். அவர் தன் சட்டைப் பையிலிருந்து புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே போட்டு, எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். என் மடியில் தலையணை; அதற்குள் தங்கைக்குப் பாம்புக்கடி மருந்து. எங்கள் ஊரில் மெயில் நிற்காது. மருந்தை வாங்கிக்கொள்ள ஊர்ப் பிளாட்பாரத்தில் கம்பவுண்டர் காத்திருந்தார்.

“அவருக்கு நேரா வந்ததும் போட்டுடறேங்க” என்றேன்.

“நேரா வந்து போட்டா அவரத் தாண்டிப் போய்த்தாங்க வுழும்” என்று கார்டு தலையணையைப் பிடுங்கினார். கம்பவுண்டர் இன்னும் ஒரு தந்திக்கம்பத் தூரம் தள்ளி நிற்கும்போதே வீசிவிட்டார்.

“பாவி, கெடுத்திட்டியேய்யா!” என்று கத்தினேன்.

தலையணை எங்களோடு கூடவே வந்து, தாழ்ந்து, தரையில் உருண்டு, கம்பவுண்டர் காலடியில் நின்றது.

“எப்படிங்க தெரியும்?”

“புளியங்கொட்டைதாங்க பழக்கம். தலையணை இதான் மொத தபா.”

இன்று தங்கைக்குப் பேரனே பிறந்துவிட்டான். ‘மொத தபா’ என்று சொல்லிவிட்டு அந்தக் கார்டு அடுத்த புளியங்கொட்டையை வெளியே போட்டதுதான் எனக்கு மறக்கவில்லை.