சின்னவன் உயரம்

அவளை எல்லோரும் குகையக்கா என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் மட்டும் இருந்தது, அதையும் யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. மலைமுகட்டில் நடக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது அவள் வேலை. பிறந்ததும் அங்கே இருக்கிற ஒரு குகையில்தான், அப்புறம் வேறெப்படிக் கூப்பிடுவார்கள்?

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் கிளம்பி, மணற்பாறை விளிம்போடு இரண்டு மணி நேரம் காற்றில் தள்ளாடிக்கொண்டே நடந்தால் குகை வீடுகள் வரும். வீடு என்றால் சும்மா பொந்து இல்லை. வாசல், ஜன்னல், அடுப்பு, புகை போக ஓட்டை, எல்லாம் பாறையிலேயே குடைந்தது. சட்டி வைக்க மாடம் வேண்டும் என்று அம்மா காலையில் முணுமுணுத்தால், அப்பா பழைய கரண்டியை வைத்துச் சுரண்டி, பொழுது சாய்வதற்குள் மாடத்தை முடித்துவிடுவார். அவ்வளவு இளக்கமான கல். ஏழு குடும்பங்கள் அங்கே இருந்தன. சுவரெல்லாம் ஈரம் கசியும், பிள்ளைகள் இருமிக்கொண்டே வளர்ந்தார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது எல்லோரையும் கீழே அடுக்குமாடிக்கு மாற்றினார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் சுற்றுலா அலுவலகம் கொடுத்த தாளை ஒப்பித்தாள். இந்தப் பாறை இவ்வளவு பழசு, இந்த மாடம் இத்தனை அடி அகலம். கேட்கிறவர்கள் பாவம், எத்தனை நேரம்தான் தலையாட்டுவார்கள்? ஒருநாள் ஒரு பெண்மணி வாயைக்கூட மூடாமல் கொட்டாவி விட்டாள். குகையக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு, வாசலுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினாள்.

"இது என் தம்பிங்க. சின்னவன்னு கூப்பிடுவோம். அஞ்சு வயசுல அம்மா அவனை இங்க நிக்க வெச்சு, தலைக்கு மேல கத்தியால ஒரு கோடு போட்டாங்க. அந்த வருஷத்துக் குளிர்லயே நெஞ்சுல சளி கட்டிப் போயிட்டான். ஒரு போட்டோகூடக் கிடையாது. இந்தக் கோடு மட்டும்தான் இருக்கு."

கொட்டாவி விட்ட பெண்மணியே முன்னால் வந்து, அந்தக் கோட்டை ஒரு விரலால் மெல்லத் தடவினாள். கண் கலங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து தடவினார்கள்.

அன்றிலிருந்து தினமும் அதே கதைதான். சொல்லக் கூச்சம்தான், ஆனாலும் உண்மை, அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஊர் பேர் தெரியாத ஜனங்கள் தம்பிக்காக மூக்கைச் சிந்துகிறார்கள் என்றால் எந்த அக்காவுக்குத்தான் பிடிக்காது? தொடுங்கள் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தொடாதீர்கள் என்றும் சொன்னதில்லை.

அம்மா மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். மகனைப் பறிகொடுத்த இடத்துக்கு இனி ஏற மாட்டேன் என்று கீழே வந்த அன்றே சொன்னவள், சொன்னபடியே இருந்துவிட்டாள். ஆனால் மகள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவாள், "கோடு இருக்காடி?"

"இருக்கும்மா. அது எங்க ஓடிப்போகப் போகுது?"

பத்தொன்பது வருஷமாக இதே கேள்வி, இதே பதில். உள்ளபடி பார்த்தால், அவள் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் கதை சொல்வாள், சுவரைப் பார்த்து நாளாகிவிட்டது.

இந்த வருஷம் கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். அம்மாவுக்கு ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றில் நிழல்தான் தெரிந்தது. "முழுசா இருட்டறதுக்குள்ள ஒரு தடவை அவனைப் பாத்துடறேன், கூட்டிட்டுப் போடி" என்றாள். இத்தனை வருஷம் கேட்காதவள் கேட்டுவிட்டாள், மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

மறுநாள் கூட்டம் கிளம்பிய பிறகு குகையக்கா டார்ச்சை அடித்து அந்தச் சுவரைப் பார்த்தாள். கோடு இல்லை. அது இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வழவழப்பான பள்ளம். பத்தொன்பது வருஷத்து விரல்கள் சின்னவனைப் பொடிப் பொடியாக உதிர்த்து எடுத்துக்கொண்டு போயிருந்தன. வாசலுக்கு மறுபக்கம் அம்மா அவளுக்குப் போட்ட கோடு அப்படியே கிடந்தது. உயிரோடு இருக்கிறவள் கோட்டை யார் தொடப்போகிறார்கள்?

"அடிப்பாவி, நீயே தின்னுட்டியேடி அவனை" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அழுது முடித்து, பையில் கிடந்த ஆணியை எடுத்தாள். பள்ளத்தின் மேல் ஓரத்தில் போடுவதா, கீழ் ஓரத்திலா? தம்பி அவளுடைய தோள் வரை வருவானா, காது வரையா? ஒன்பது வயதில் பார்த்தது, எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு நடுவில் ஒரு கோடு இழுத்தாள். புதுசு என்று தெரியாமலிருக்க மண்ணை எச்சில் தொட்டுப் பூசினாள்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலக ஜீப் பின்பக்கச் சாலை வழியே அம்மாவைக் கொண்டுபோய் இறக்கியது. டிரைவர் கைத்தாங்கலாகப் பிடித்தார். "மூட்டையா தூக்கறே, விடுப்பா, நான் குடும்பம் நடத்துன வீடு" என்று அம்மா கையை உதறினாள். உள்ளே நுழைந்ததும் யாரும் காட்டாமலேயே அந்தச் சுவருக்குப் போய்விட்டாள்.

விரல் கோட்டைக் கண்டுபிடித்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவியது. குகையக்கா ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டாள். இப்போது கேட்கப்போகிறாள், என்னடி இது என்று கேட்கப்போகிறாள்.

அம்மா சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். கோட்டின் மேல் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, அப்படியே தன் உடம்புக்கு நகர்த்தினாள். கை அவள் நெஞ்சில் வந்து நின்றது. கையை ஒருமுறை இடுப்புக்கு இறக்கிப் பார்த்தவள், மெதுவாகச் சிரித்தாள்.

"என் இடுப்புக்குத்தானே இருந்தான். இப்பப் பாரு, நெஞ்சு வரைக்கும் வந்துட்டான். வளர்ந்துட்டான்டி."

கூனிக் குறுகிப்போன அந்த உடம்பை மகள் பார்த்தாள். அம்மா குறைந்துவிட்டாளா, தான் உயரத்தில் போட்டுவிட்டோமா, அளந்து சொல்ல இனி உலகத்தில் ஒன்றும் இல்லை. "ஆமாம்மா, வளர்ந்துட்டான்" என்று சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா அப்புறம் கோட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

குகையக்கா இப்போதும் கூட்டத்தை அழைத்துக்கொண்டு போகிறாள். அடுப்பைக் காட்டுகிறாள், மாடத்தைக் காட்டுகிறாள், வாசல் பக்கம் வந்ததும் பேச்சை முடித்துவிடுகிறாள். போன வாரம் கண்ணாடி போட்ட ஒரு வாத்தியார் சுவரை உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தக் கோடு என்னம்மா?" என்று கேட்டார்.

"நான் போட்டதுங்க."

"வழிகாட்டியே சுவத்தைக் கீறலாமா? எவ்வளவு பழைய இடம் இது!"

"ஆமாங்க," என்றாள், "தப்புதான்."