ரப்பர் பாலில் ஒட்டிய தோல் பை

போன ஆவணியில் அருமனை சந்திப்பு டீக்கடை முன்னால் பைக்கை நிறுத்தியபோதுதான் அந்த யோசனை எனக்கு முதலில் வந்தது. என் பைக் என்னைவிட வயதில் மூத்தது. எங்கே போனாலும் ஸ்பேனர்கள் கூடவே வர வேண்டும். அவற்றைப் பழைய கைலித் துணியில் சுற்றி, சீட்டுக்குப் பக்கத்தில் கட்டி வைத்திருந்தேன். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "ஏலே, நீ வாறதுக்கு முன்னாலயே ஒனக்க சத்தம் வருதே. பாத்திர யாவாரம் தொடங்கிட்டியா?" என்று கேட்டார். நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் டீயைக் குடித்து முடிப்பதற்குள் மனசுக்குள் ஒரு தோல் பையை வெட்டி, மடித்து, வார் வைத்து, பைக்கில் மாட்டியே விட்டேன்.

தோலுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அப்பா ஷார்ஜாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் வெல்டராக இருந்தவர். அங்கே மார்பில் கட்டிக்கொண்டிருந்த தடித்த தோல் ஏப்ரன் வீட்டுப் பரணில் சும்மா கிடந்தது. கேட்டதும் தந்துவிட்டார். ஸ்பேனர் செட்டைத் தரத்தான் யோசித்தார். அதுவும் ஷார்ஜாவிலிருந்து வந்ததுதான். ஒவ்வொன்றிலும் தன் பெயரின் முதல் எழுத்தைத் தன் கையாலேயே பொறித்திருக்கிறார். சித்தப்பாவுக்குக்கூட இரவல் தராத பொருள். "கொண்டு போற மாதிரியே கொண்டு வரணும்" என்று மட்டும் சொல்லி என் கையில் தந்தார்.

தோலை நனைத்து, ஒரு மரக்கட்டையைச் சுற்றிக் கட்டி வடிவம் வரவைத்தேன். பழைய பெல்ட்டின் கொக்கியை மூடியில் வைத்துத் தைத்தேன். ஊசி தோலில் இறங்கியதைவிட என் விரலில் இறங்கியதுதான் அதிகம். மூடி அசத்தலாக வந்தது. பக்கங்களும் அடியும்தான் பாக்கி. ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இராஜாக்கமங்கலம் கடற்கரையில் நண்பர்கள் பைக்குகளோடு கூடுகிறார்கள். பை இல்லாமல் போக மனசு கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் புத்தகம் கிழிந்தாலும் சரி, பட்டம் ஒட்டினாலும் சரி, ரப்பர் பால்தான். மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டையில் விரலை விட்டால் போதும். நானும் அதையே செய்தேன். இரண்டு தடவை பூசி, ஒட்டி, ராத்திரி முழுக்க அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்தேன். காலையில் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அம்மா, "தைக்கலியா மக்கா?" என்று கேட்டாள். டயரே ரப்பரில்தானே ஓடுகிறது என்று அவளுக்குப் பதில் சொன்னேன். மெக்கானிக்கல் படித்தவன் அல்லவா!

அருமனை சந்திப்பில் டீக்கடைக்காரரிடம் பையைக் காட்டாமல் போக முடியுமா? வெயிலில் வண்டியை நிறுத்தி அரைமணி நேரம் பெருமை பேசினேன். பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று பையைச் சைலன்சரை ஒட்டித்தான் மாட்டியிருந்தேன். அப்புறம் சிதறால் வழியாக மார்த்தாண்டத்துக்கு விட்டேன். பழைய வண்டியின் கடகடப்பில் வேறு எந்தச் சத்தமும் காதில் விழவில்லை.

சிதறாலைத் தாண்டிய ஒரு ஏற்றத்தில் செயின் கழன்றது. கவலைப்படவில்லை, இதற்குத்தானே பை! ரப்பர் மர நிழலில் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டைலாகக் கொக்கியைக் கழற்றி மூடியைத் திறந்தேன். பைக்குள்ளே தார்ரோடு தெரிந்தது.

அடி முழுவதும் பிளந்து கிடந்தது. வெயிலுக்கும் சைலன்சர் சூட்டுக்கும் ரப்பர் பால் இளகி, பலாப்பிசின் மாதிரி நூல் நூலாகத் தொங்கியது. அதில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு ஸ்குரு டிரைவர் மிஞ்சியிருந்தது. டயர் ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சுட்டு உறுதியாக்குகிறார்கள், பச்சைப் பால் சூட்டுக்கு நிற்காது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன், அங்கே நின்றபோதுதான் அதை நினைத்தேன்.

அப்பாவின் முகம் கண்முன்னால் வந்தது. வண்டியை அப்படியே விட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே திரும்பி நடக்க ஆரம்பித்தேன். அப்போது ஒரு பச்சை ஸ்கூட்டர் எதிரே வந்து என் பக்கத்தில் நின்றது. முன்பக்கத்தில் அய்யாவழிச் சின்னமான தாமரையும் சுடர் நாமமும் ஒட்டியிருந்தன. ஓட்டியவர் பட்டுக்கரை வேட்டி, பின்னால் அவர் மனைவி பட்டுச்சேலை. அந்த அக்காவின் ஒரு கையில் ஒரு ஹாட்பாக்ஸ், மறு கையில் 'மணமக்களுக்கு வாழ்த்துகள்' என்று அச்சடித்த பரிசுப் பை. பையை விரித்துக் காட்டி, "இது ஒனக்கதா மக்கா?" என்று கேட்டார்.

உள்ளே எங்கள் ஸ்பேனர்கள்.

முதல் ஸ்பேனர் ஒரு வளைவில் கிடந்திருக்கிறது. அண்ணன் ஒதுங்கித் தாண்டிப் போய்விட்டார். அக்காதான் வண்டியைத் திருப்பச் சொல்லி, இறங்கி எடுத்திருக்கிறார். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. எல்லாவற்றிலும் ஒரே எழுத்து இருப்பதைப் பார்த்ததும், முன்னால் யாரோ ஒருத்தன் ஒன்றும் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறான் என்று புரிந்திருக்கிறது. பரிசாகக் கொண்டுவந்த ஹாட்பாக்ஸை வெளியே எடுத்துவிட்டு, அந்தப் பையில் இவற்றைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"வளைவுக்கு வளைவு நிறுத்தச் சொல்லுதா. எவனோ இரும்புக்கடைய இழுத்துக்கிட்டுப் போறாம்னுல்லா நான் நெனச்சேன்" என்றார் அண்ணன்.

அக்காவின் சேலைக் கரையில் கறுப்பாகக் கிரீஸ் இழுபட்டிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "சேலயத் தொவச்சா போவும். வளைவுல எவனாவது பைக்கோட விழுந்திருந்தா?" என்றார், கோபமே இல்லாமல். அதுவரை எனக்கு அப்பாவின் முகம் மட்டும்தான் நினைவில் இருந்தது. பின்னால் வருகிற ஒருத்தன் விழுவான் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

நேரமாகிவிடும், நீங்கள் போங்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வண்டியின் பின்சக்கரத்தைப் பிடித்தார். அவர்கள் பொறுக்கித் தந்த ஸ்பேனராலேயே ஆக்சில் நட்டைத் தளர்த்திச் செயினை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அக்காவின் போன் அடித்தது. மார்த்தாண்டத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து. மணப்பெண் அக்காவின் தாய்மாமன் மகள் என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கே இருக்கிறாய் என்று யாரோ கேட்க, இவர் பதில் சொல்வதற்குள் போனுக்குள் கெட்டிமேளம் முழங்கியது. கூடவே பெண்கள் நாக்கைச் சுழற்றி இடும் குரவைச் சத்தம். தாலி கட்டியாகிவிட்டது.

ஐயோ என்று நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள், அக்கா மார்த்தாண்டம் இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பி, கிரீஸ் கையை வாய்ப்பக்கம் கொண்டுபோய், அந்த ரப்பர் தோட்டமே அதிரும்படி ஒரு குரவை இட்டார். எதிரே வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் தலையை நீட்டினார்கள். அண்ணன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் என் சக்கரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தாலிகட்டுதான் போச்சு. இனி பந்தியாவது கிட்டட்டு" என்றார் அவர்.

"ஒங்களுக்கு அதாக்கும் கவல" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. சிரித்தாரா, அழுதாரா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

பரிசுப் பையை என்னிடமே விட்டுவிட்டு, ஹாட்பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை. நான் கடற்கரைக்குப் போகவில்லை. வந்த வழியே மெதுவாக, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினேன்.

பரிசுப் பையோடு வந்த என்னைப் பார்த்து, "யாருக்குலே கல்யாணம்?" என்றார் அப்பா. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் ஸ்பேனர்களைத் தரையில் வரிசையாக அடுக்கினார். எல்லாவற்றிலும் சின்னது மட்டும் இல்லை. ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். "அவிய பந்திக்காவது போய்ச் சேந்தாவளா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது.

இப்போது இரண்டாவது பையை வெட்டி வைத்திருக்கிறேன். இதில் அடியில் மூட்டே கிடையாது. ஒரே தோல், மடிப்பு மட்டும்தான். பக்கங்களில் மெழுகு நூலால் இரட்டைத் தையல். ஏப்ரனில் இன்னும் மீதித் தோல் இருக்கிறது, ஒரு ஸ்கூட்டரின் முன்பக்கம் மாட்டுகிற அளவுக்கு ஒரு சின்னப் பைக்குப் போதும். முகூர்த்த நாட்களில் மார்த்தாண்டம் பக்கம் போனால் மண்டப வாசல்களில் நிற்கும் ஸ்கூட்டர்களைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். பச்சை வண்டி இன்னும் கண்ணில் படவில்லை. பட்டால் கையில் கொடுக்கப் பை தயாராக இருக்க வேண்டும். ரோட்டு வளைவில் ஒரு கல்லோ கம்பியோ கிடந்தால் இப்போதெல்லாம் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. இறங்கி எடுத்து ஓரத்தில் போடும் ஒவ்வொரு தடவையும், ரப்பர் மரங்களுக்கு நடுவிலிருந்து அந்தக் குரவை எனக்குக் கேட்கிறது.