என் மனைவியின் எலும்பும் மீல் மேக்கரும்

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் ஆண்களெல்லாம் அவசர வேலை வந்தது போலக் காணாமல் போவோம். அந்தக் கூட்டத்திலிருந்து நான் ஒரே நாளில் விலகினேன். காரணம், பயம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய தண்ணீர்ப் பஞ்ச காலம். என் மனைவிக்கு மாதவிலக்கு நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. இலவச முகாம் ஒன்றில் அவள் குதிகாலை ஒரு கருவிக்குள் வைத்துப் பார்த்த டாக்டரம்மா, "எலும்பு கொஞ்சம் இளைச்சிருக்கு" என்றார். எலும்பைக் காக்கிற ஈஸ்ட்ரோஜன் இந்த வயதில் குறைந்துவிடுமாம். சோயாவில் அதைப் போலவே ஒரு தாவரப் பொருள் இருக்கிறது, சேர்த்துக்கொள்ளலாம் என்றார். ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு வந்தால் பெரிய பரிசோதனை செய்து சரியாகச் சொல்வதாகவும் சொன்னார். இதெல்லாம் மனைவி பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் காதில் விழுந்தவை 'இளைச்சிருக்கு', 'சோயா' என்ற இரண்டு சொற்கள்தான். வீடு திரும்புவதற்குள் அவள் எனக்குக் கண்ணாடி டம்ளராகிவிட்டாள்.

அன்றே உத்தரவு போட்டேன். குடத்தைத் தொடக் கூடாது. மீனுக்குப் பதில் இனி மீல் மேக்கர். ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் கொதிக்க வேண்டிய புளிக்குழம்பில் சோயா உருண்டைகள் மிதந்தன. மனைவி ஒன்றை மென்று பார்த்தாள்.

"யோவ், இன்னாயா இது? பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச குழம்புல போட்டுட்டியா?"

"துன்னு. எலும்புக்கு நல்லது. நானும் துன்றேன் பாரு."

லாரியில் தண்ணீர் பிடிக்க நானே போனேன். "இன்னா நைனா, சம்சாரத்துக்குப் பிரசவமா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா. வரிசையே சிரித்தது. வீடு சேர்ந்தபோது பாதித் தண்ணீர் என் லுங்கியில் இருந்தது.

அதோடு முடிந்ததா? எண்ணூர் ஃபேக்டரி கேன்டீனில் என் தோஸ்து டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்தான். "மாமு, இத்த நீயும் துன்றியா? பொம்பள ஹார்மோன் கீதாம் இதுல. மீசை கொட்டிடும்!"

அன்று மாலை கண்ணாடி முன் நின்று மீசையைப் பிடித்து இழுத்து இழுத்துச் சோதித்தேன். பலமாக இழுத்தால் யார் மீசையும் கையோடுதான் வரும் என்பது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு முடி வந்தது. அவள் எலும்பா, என் மீசையா? கண்ணீரோடு எலும்பின் பக்கம் சாய்ந்தேன். மீசை விழுந்தாலும் அவளோடு சேர்ந்தே சாப்பிடுவது என்று முடிவெடுத்தேன்.

ஆனால் உட்கார்ந்தே இருந்த அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, முகமும் வாடிவிட்டது. ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டு, "வா ராயபுரம் போலாம். ஒடைஞ்சிடுமா ஒடையாதா, தெரிஞ்சிக்கினு வந்துடலாம்" என்றாள்.

பெரிய பரிசோதனையும் நடந்தது. முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "பயப்படற அளவுக்கு இல்லை" என்றார். "குடம் தூக்கக் கூடாதுன்னு யார் சொன்னது? வேலை கொடுத்தாத்தான் எலும்பு கெட்டியா இருக்கும். குனிஞ்சு மட்டும் தூக்காதீங்க, இவர் இடுப்புல ஏத்திவிடட்டும். மீனை எதுக்கு நிறுத்தினீங்க? நெத்திலியை முள்ளோட சாப்பிடுங்க. சோயா சும்மா ஒரு துணைக்கு. அது மட்டுமே எலும்பைக் காப்பாத்தும்னு யாரும் உறுதியாச் சொல்லலை."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மீசையைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"சோயாவுல இருக்கறது அசல் ஹார்மோன் இல்லை சார், அதே மாதிரி வெட்டின போலிச் சாவி. பூட்டுல நுழையும், முழுசாத் திரும்பாது. சாப்பாட்டுல சேர்த்துக்கறதால உங்க மீசைக்கு ஒண்ணும் ஆகாது."

மறுநாள் முதல் நான் ஏற்றிவிட, அவள் குடத்தை இடுப்பில் வைத்து ராணி போல நடந்தாள். நெத்திலி வாரம் தவறாமல் வந்தது. சோயாவைக்கூட மிளகு போட்டு வறுத்து, ருசியான பண்டமாக்கிவிட்டாள்.

அடுத்த வருடம் மறுபடி பரிசோதனை. "எலும்போட பலம் இறங்கலை. அப்படியே நிக்குது" என்றார் டாக்டரம்மா. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது, தட்டியும்விட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ராயபுரம் ஸ்டேஷனுக்குத் திரும்பினோம். மேம்பாலப் படியில் நான் பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். அவள் உச்சிக்கே போய்விட்டாள். கடற்காற்றில் புடவைத் தலைப்பு கொடி போலப் பறக்க, அங்கிருந்து கத்தினாள்:

"யோவ், ட்ரெயின் வந்துகினு கீது! ஏறி வாயா!"