எண்ணெய் விற்ற வயது

நாகல் நகரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் பதினொரு வருடமாக நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்பதைவிட நிற்கிறேன் என்பதுதான் சரி. வளையல், பொட்டு, க்ரீம் எல்லாமே நின்றுகொண்டு விற்றவைதான். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கால் கனக்க ஆரம்பித்துவிடும்.

போன வருடம் முகத்துக்குத் தடவும் எண்ணெய் வந்து இறங்கியது. கட்டைவிரல் உயரக் கண்ணாடிப் புட்டி. சுருக்கம் குறையுமாம். அட்டையைப் படித்தால் திராட்சை விதை எண்ணெய், முருங்கை விதை எண்ணெய், வைட்டமின் ஈ. அடப்பாவிகளா, நாங்கள் துப்புகிற கொட்டையும் தூக்கிப் போடுகிற முற்றல் முருங்கையுமா! ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்னவென்று கம்பெனிப் பெண் ஒருத்தி வந்து அரைமணி நேரம் விளக்கினாள். நான் எனக்குப் புரிகிற மாதிரி எடுத்துக்கொண்டேன். நறுக்கின வாழைக்காய் காற்றுப் பட்டால் கறுத்துப்போகும், மோர்த்தண்ணியில் போட்டுவைத்தால் கறுக்காது. முகத்துக்கு இந்த எண்ணெய்தான் மோர்த்தண்ணி.

கடையை இப்போது பார்த்துக்கொள்வது முதலாளியின் மகன், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். என்னை வேலைக்குச் சேர்த்த அவருடைய அப்பா இப்போது இல்லை. மகன் சொன்னார்: "அக்கா, இந்த எண்ணெய் ஓடணும். ஓடலைனா கீழ ஒரு சின்னப் பொண்ணப் போட்டுட்டு உங்கள மாடிக்கு மாத்திருவேன்."

மாடி என்றால் தகரக்கூரை போட்ட ஸ்டாக் ரூம். நாளெல்லாம் பெட்டி தூக்கிப் படியேறி இறங்க என் முட்டி கேட்காது. கீழே, இந்த ஃபேனுக்கு அடியில் நிற்கவேண்டும். நான் ஆசைப்பட்டது அம்புட்டுத்தான்.

முதலில் வந்தது அகரத்துக்காரம்மா ஒருத்தர். பூந்தோட்டத்தில் வெயில் தின்ற முகம். புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ பூசுறியா தாயி?"

"தினமும் மூணு சொட்டும்மா." உண்மைதான், சாம்பிள் புட்டியை நான்தான் காலி செய்துகொண்டிருந்தேன்.

"வயசென்ன ஒனக்கு?"

"நாப்பத்தாறு."

என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். புட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்ப இது வேலைக்காகாது" என்று சொல்லிவிட்டு ஒரு சீப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அடுத்து வந்தவள் அதே கேள்வியைக் கேட்டாள். "அம்பத்தெட்டு" என்றேன், வெடுக்கென்று.

"அம்பத்தெட்டா! தெரியவே இல்லையேக்கா!" உடனே ஒரு புட்டி வாங்கினாள்.

அப்புறம் எல்லோரிடமும் அம்பத்தெட்டுதான். எண்ணெய் ஓடியது. நம்பமாட்டேன், சும்மா சொல்லாதீங்க என்று ஒருத்தியாவது சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். ஒருத்தியும் வரவில்லை. பன்னிரண்டு வயதைக் கூட்டிச் சொன்னால் அப்படியே நம்புகிறார்களே என்று வலித்தது. யாரிடம் சொல்லி அழ?

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஒருநாள் எவளோ ஒருத்தி கல்லாவில் போய், "அம்பத்தெட்டு வயசுலயும் இந்தக்கா என்னமா நிக்கிறாங்க!" என்று மெச்சிவிட்டுப் போனாள். மாலையில் தம்பி கூப்பிட்டார்.

"இம்புட்டு வயசாச்சுன்னு சொல்லவே இல்லையேக்கா. நின்னது போதும், அடுத்த மாசத்துலேருந்து வீட்ல ரெஸ்ட் எடுங்க."

அவரும் நம்பிவிட்டார்! மாடிக்குப் பயந்து பொய் சொன்னவளுக்கு இப்போது வாசலே காத்திருந்தது. மறுநாள் ஆதார் அட்டையைக் கொண்டுபோய்க் கல்லாவில் வைத்தேன். பிறந்த தேதியைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.

"நாப்பத்தாறுதானா?"

அந்த 'தானா' இன்னும் காதில் இருக்கிறது.

"சரி, கீழயே இருங்க. ஆனா கஸ்டமர் கேட்டா அம்பத்தெட்டுன்னே சொல்லுங்க. நல்லா ஓடுதுல்ல" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரமே அகரத்துக்காரம்மா மறுபடியும் வந்தார், கூடவே நாத்தனார். இந்த எண்ணெய் நன்றாக இருக்கிறதென்று ஊரில் யாரோ சொன்னார்களாம். நாத்தனார் என்னைப் பார்த்து வயதைக் கேட்டாள். கல்லாவிலிருந்து தம்பி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்பத்தெட்டு" என்றேன்.

"ஏத்தா, அன்னைக்கு நாப்பத்தாறுன்னியே?" என்றார் அகரத்துக்காரம்மா.

கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன். "அது... சும்மா கொறச்சுச் சொன்னேம்மா."

அவர் முகம் மலர்ந்தது. "அதானே பார்த்தேன்! நாப்பத்தாறு வயசுக்காரிக்கு இந்த மூஞ்சி இருக்குமான்னு அன்னைக்கே நெனச்சேன். குடு, ஆளுக்கொண்ணு."

இரண்டு புட்டி எடுத்து வைத்தேன். தலைக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.